மால்டா கடலில் ஸ்கூபா: 18 மீட்டர் தகுதியோடு எங்கெல்லாம் இறங்கலாம்?

ஒத்தக்கடைப் பாண்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரை ஒத்தக்கடை, வயது 27. அக்கா மால்டாவில் நர்ஸாக இருக்கிறார். அக்டோபர் முதல் பாதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன். விசா கைக்கு வந்துவிட்டது, துபாய் வழியாகப் பயணம்.

நான் நீச்சல் பழகியது நரசிங்கம் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில். போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். அதாவது 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி. அதற்குப் பிறகு கடலுக்குள் போக வாய்ப்பே அமையவில்லை.

மால்டா என்றதும் மூழ்கிய கப்பல்களின் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உம் எல் ஃபரூட் என்ற எண்ணெய்க் கப்பலை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அது 36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறதாம். அங்குள்ள ஒரு டைவ் சென்டருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். "ஓப்பன் வாட்டர் போதும், கூட்டிப்போகிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நம்பிப் போகலாமா?

கோசோ தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா? அக்டோபரில் தண்ணீர் எவ்வளவு குளிரும்? இன்னொன்று, அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் இறங்க மனசு வரவில்லை. அவருக்கும் பார்க்க ஏதாவது உண்டா? அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கொட்டாம்பட்டி செல்வம் எழுதியது:

தம்பி, எனக்கு ஊர் கொட்டாம்பட்டி. மால்டாவில் கவ்ரா என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை. விடுமுறை கிடைத்தால் கடலில்தான் இருப்பேன். ஒரு டைவ் சென்டரில் சிலிண்டர் நிரப்பக் கூடமாட நின்று, அப்படியே டைவ் மாஸ்டர் (டைவ் வழிகாட்டி) வரை படித்துவிட்டேன். உங்கள் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மெயில். அவர்களோடு போகாதீர்கள். உம் எல் ஃபரூட் உட்கார்ந்திருக்கும் மணல் தரை 36 மீட்டர், கப்பலின் மேல்தளமே சுமார் 25 மீட்டர். உங்கள் தகுதிக்கு மேல்தளம்கூட எட்டாது. ஆழம் கூடக் கூட என்ன நடக்கிறது என்பதைக் கோர்ஸில் சொல்லியிருப்பார்கள். 18 மீட்டரில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து தரும் அழுத்தம் 2.8 பார், 36 மீட்டரில் 4.6 பார். ஒரே மூச்சுக்கு அங்கே அவ்வளவு அதிகம் காற்று செலவாகும். உங்கள் கோர்ஸ் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 35 மீட்டரில் 14 நிமிடம்தான். 30 மீட்டர் நெருங்கும்போதே நைட்ரஜன் பலருக்கு லேசான மயக்கம் தரும், காற்றின் அளவு காட்டும் கேஜைப் பார்த்தாலும் எண் மனதில் நிற்காது. முதல் முறை அந்த ஆழத்துக்குப் போகும்போது பக்கத்தில் பயிற்சியாளர் இருந்து, அதுவே பாடமாக இருக்க வேண்டும். உங்களிடம் லாக்புக் (டைவ் பதிவேடு) எங்கே, கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்றுகூடக் கேட்காமல் 36 மீட்டருக்குக் கூப்பிடுகிற ஆள், கீழே போன பிறகும் உங்களைக் கவனிக்க மாட்டார்.

ஆசையை விட வேண்டியதில்லை. அட்வான்ஸ்டு கோர்ஸ் ஐந்து டைவ்தான், இரண்டு மூன்று நாளில் முடியும், ஆழமான டைவ் அதில் ஒன்று. முடித்தால் 30 மீட்டர் வரை தகுதி. அப்போது மேல்தளத்தை நிதானமாகச் சுற்றி வரலாம், தரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கப்பலைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 110 மீட்டர் நீளமுள்ள லிபியக் கப்பல் அது. 1995 பிப்ரவரி 3 அன்று இங்குள்ள கப்பல் பட்டறையில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தபோது உள்ளே வெடிப்பு ஏற்பட்டு ஒன்பது தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பிறகு மூன்று வருடத்துக்கு மேல் துறைமுகத்திலேயே கிடந்தது. 1998 செப்டம்பரில் வீட் இஸ்-சுர்ரீ என்ற சிறிய மீன்பிடித் துறைக்கு வெளியே, மீன்களுக்குப் புகலிடமாக இருக்கட்டும் என்று மூழ்கடித்தார்கள். சில வருடம் கழித்துக் குளிர்காலப் புயல் ஒன்று அதை இரண்டாக உடைத்துவிட்டது. இறந்தவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை கப்பலிலேயே இருக்கிறது. வெல்டிங் புகைக்குள் வேலை பார்த்தவன் நான், அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் திரும்பியதில்லை. அங்கே போய்ப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது உங்கள் 18 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நிறைய இருக்கிறது.

தலைநகர் வல்லெட்டாவில் செயின்ட் எல்மோ கோட்டைக்குக் கீழே, கரையிலிருந்தே நீந்திப் போகும் தூரத்தில் மாவோரி கிடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல். 1941இல் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைத் துரத்திய கப்பல்களில் அதுவும் ஒன்று. 1942 பிப்ரவரியில் துறைமுகத்திலேயே ஜெர்மன் குண்டு விழுந்து மூழ்கியது. போர் முடிந்ததும் தூக்கி இப்போதுள்ள இடத்தில் போட்டார்கள். அங்கே இருப்பது முன்பகுதி மட்டும்தான். ஆழம் 14, 15 மீட்டர். தகடெல்லாம் கரைந்துவிட்டது, பார்த்தவுடன் பெரிய பிரமிப்பு வராது. மெதுவாகப் போனால் துருவுக்குள் பேய்க்கணவாய் கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கும், மணலில் தட்டை மீன்கள் படுத்திருக்கும். எனக்கு இந்தத் தீவில் பிடித்த டைவ் இதுதான். ஆழம் குறைவு என்பதால் ஒரு மணி நேரம்கூட உள்ளே இருக்க முடிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கொமினோ தீவுக்கு அருகே பி31 என்ற ரோந்துப் படகு. 2009இல் மூழ்கடித்தது. தரை சுமார் 20 மீட்டர், படகின் மேல்பகுதி உங்கள் எல்லைக்குள் வரும். சுற்றிலும் வெள்ளை மணல், வெயில் நாளில் மேலிருந்தே முழுப் படகும் தெரியும். படகில்தான் போக வேண்டும். அதே பயணத்தில் சாந்தா மரியா குகைகளையும் சேர்த்துக்கொள்வார்கள், பத்து மீட்டர்கூட ஆழம் கிடையாது.

மால்டாவின் வடக்கு முனையில் சிர்க்கேவா. கோசோ போகும் ஃபெர்ரி கிளம்பும் துறைக்குப் பக்கத்திலேயே இறங்குமிடம். ரோசி என்ற இழுவைப் படகு 1992இல், பி29 என்ற 52 மீட்டர் ரோந்துக் கப்பல் 2007இல் அங்கே மூழ்கடிக்கப்பட்டன. இரண்டுமே 30 மீட்டருக்குக் கீழே, அவற்றை விட்டுவிடுங்கள். பாறைச் சரிவின் மேல்பகுதியில் கடற்புல்லும் மீன் கூட்டமும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கும். சுமார் 18 மீட்டரில் ஒரு சிறிய குகைக்குள் மாதா சிலை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அனுமதித்தால் பாருங்கள், உங்கள் எல்லையின் விளிம்பு அது.

இத்தனை பெயர் சொன்னாலும், "திங்கள் மாவோரி, செவ்வாய் சிர்க்கேவா" என்று ஊரிலிருந்தே அட்டவணை போட்டு வராதீர்கள். இங்கே எந்த இடத்தில் இறங்குவது என்று காற்றுதான் முடிவு செய்யும். நீங்கள் ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்தில் பார்த்திருப்பீர்கள்: ஆடியில் தெற்கே மன்னார் வளைகுடா பொங்கிக்கொண்டிருக்கும், வடக்கே பாக் நீரிணை குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் அப்படியே மாறிவிடும். மால்டாவும் அந்தக் கணக்குத்தான். இங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. அது அடித்தால் சிர்க்கேவா, கோசோவின் மேற்குக் கரையில் உள்ள துவேய்ரா இரண்டிலும் இறங்க முடியாது. கோசோவின் தெற்குக் கரையில் ஷத் லஹ்மர், இம்ஜார் இஷ்-ஷீனி பக்கம் ஒதுங்கலாம். தெற்கிலிருந்து அலை வந்தால் வீட் இஸ்-சுர்ரீ கிடையாது, கோசோவின் வடக்கே போக வேண்டும். வடகிழக்குக் காற்றில் மாவோரி பக்கம் போகவே கூடாது. கரையிலிருந்து இறங்கும் இடங்கள் எல்லாம் பாறை. இறங்கும்போது தெரியாது. டைவ் முடிந்து களைப்போடு ஏணியைப் பிடிக்கும்போது அலை தூக்கிப் பாறையில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் காற்றைப் பார்த்துவிட்டு இடம் சொல்கிற சென்டரைத் தேர்ந்தெடுங்கள்.

கோசோவுக்கு இரண்டு நாள் வையுங்கள், இரவு அங்கேயே தங்குங்கள். ஃபெர்ரி 25 நிமிடம்தான், திரும்பி வரும்போதுதான் டிக்கெட் காசு வாங்குவார்கள். துவேய்ராவில் ப்ளூ ஹோல் பார்க்காமல் வரக்கூடாது. சுண்ணாம்புப் பாறைக்குள் சுமார் பத்து மீட்டர் அகலத்தில் இயற்கையாக விழுந்த துளை. கிணற்றில் உள்நீச்சல் அடித்தவருக்கு முதல் சில மீட்டர் சொந்த ஊர் மாதிரியே இருக்கும். எட்டு மீட்டர் வாக்கில் பாறையில் ஒரு பெரிய வளைவு, அதைத் தாண்டினால் திறந்த கடல், கீழே தரையே தெரியாத நீலம். அந்த இடத்தில்தான் புதியவர்கள் ஆழத்தை மறந்து இறங்கிக்கொண்டே போவார்கள். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், வழிகாட்டிக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

அதன் பக்கத்தில் நின்றதுதான் அசூர் விண்டோ என்ற பாறை வளைவு. 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்துவிட்டது. விழுந்த துண்டுகள் வீடு அளவுக்குப் பெரிதாகக் கீழே கிடக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி உங்கள் ஆழத்துக்குக் கீழே. கார் நிறுத்துமிடத்திலிருந்து ப்ளூ ஹோலுக்கு முழு உபகரணத்தோடு கூரான பாறையில் நடந்து இறங்க வேண்டும். கெட்டியான அடியுள்ள பூட்ஸ் இல்லாமல் முடியாது.

தண்ணீர் பற்றி: அக்டோபரில் 23, 24 டிகிரி இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் 15க்கு வந்துவிடும். நம் ஊர்க் கடலில் பழகிய உடம்புக்கு 24கூட அரை மணி நேரத்தில் நடுக்கம் தரும், 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கேட்டு வாங்குங்கள். மத்தியதரைக் கடலில் உப்பு அதிகம், லிட்டருக்கு 38 கிராம் வாக்கில். கனமான வெட்சூட்டும் மிதக்கும். மூழ்குவதற்காகப் புதுச்சேரியில் இடுப்பில் கட்டிய ஈய எடை இங்கே போதாது. முதல் டைவுக்கு முன் ஆழமில்லாத இடத்தில் வெயிட் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் இடைவெளி விட்டிருக்கிறீர்கள், முதல் நாளை ரெஃப்ரெஷர் பாடத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஆர் லாப்சி மாதிரி ஆழமற்ற இடத்தில் செய்தால் அதுவே நல்ல டைவாகவும் அமையும்.


வைகைக்கரை மீனா எழுதியது:

செல்வம் அண்ணன் சொன்ன எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மதுரையிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன்.

எந்த சென்டருக்குப் போனாலும் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள். ஆஸ்துமா, இதயம், காது, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேட்கும். சிலவற்றுக்கு "ஆம்" என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். அந்தத் தாளை இணையத்தில் எடுத்து இப்போதே படித்துவிடுங்கள். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" வந்தால் இங்கேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பொய்யாக "இல்லை" எழுதாதீர்கள், அது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

விமானத்திலேயே சளி பிடித்துவிட்டால் டைவைத் தள்ளிப்போடுங்கள். காது அடைத்திருக்கும்போது அழுத்திச் சமன் செய்யப் பார்த்துச் செவிப்பறை கிழிந்தவர்கள் உண்டு. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் எனக்குச் சம்மதமில்லை, பாதி வழியில் மருந்து வேகம் குறைந்தால் மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும்.

திரும்பும் விமானத்தையும் கணக்கில் வையுங்கள். பல டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். நான் எப்போதும் ஒரு முழு நாளை விட்டுவிடுவேன். அந்த நாளை அக்காவோடும் அம்மாவோடும் வல்லெட்டாவில் சுற்றுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. துவேய்ராவிலேயே அவருக்கும் வழி இருக்கிறது. ப்ளூ ஹோலுக்குப் பக்கத்தில் இன்லேண்ட் சீ என்று ஒரு சின்ன உப்பு நீர்த் தேக்கம். அதிலிருந்து பாறைக்குள் சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம் கடலுக்குப் போகிறது. மீனவர்கள் சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி அந்தச் சுரங்கத்தின் வழியாக வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கடல் அமைதியாக இருந்தால் நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து போகலாம். தலைக்கு மேல் பாறை, கீழே கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். என் மாமியார் முழங்கால் வலியோடு அதில் ஏறி இறங்கினார், இன்று வரை அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்.


கீழக்கரை ஹமீது எழுதியது:

பாண்டி தம்பி, மால்டா போய் வாருங்கள், சந்தோஷம். ஆனால் இடையில் ஒரு வருடம் கடலே பார்க்கவில்லை என்கிறீர்களே, மதுரையிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் கடல் இருக்கிறது. போவதற்கு முன் ராமேஸ்வரம் பக்கம் வந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோடு ஒன்றிரண்டு முறை இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள். காது திறக்கும், பயம் தெளியும். மால்டாவில் முப்பது மீட்டர் வரை தெரிகிற நாள் உண்டு என்பார்கள், இங்கே அதை எதிர்பார்க்க முடியாது. கலங்கலில் பழகினவருக்குத் தெளிந்த தண்ணீர் எளிது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. தீவுகளில் இஷ்டத்துக்கு இறங்க அனுமதி கிடையாது, வனத்துறை விதி தெரிந்த ஆட்களோடுதான் போக வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் 2022இல் ஆவுளியாவுக்கென்றே (கடல்பசு) ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். கடற்புல் இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. மால்டாவில் நீங்கள் பார்க்கப்போகும் புல் வேறு வகை. அதன் மேலும் முழங்கால் ஊன்றாதீர்கள், காலில் மாட்டும் ஃபின்னால் கிளறாதீர்கள். புல் திரும்ப வளர்வதற்குப் பல வருடம் ஆகும்.


ஒத்தக்கடைப் பாண்டி எழுதியது:

செல்வம் அண்ணே, மீனா அக்கா, ஹமீது பாய், மூவருக்கும் நன்றி. அந்த மெயில்காரருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரமே ராமேஸ்வரம் பக்கம் விசாரிக்கிறேன். அம்மாவிடம் படகு விஷயத்தைச் சொன்னேன், சுரங்கத்துக்குள் இருட்டாக இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

அண்ணே, இன்னும் இரண்டு கேள்வி. நான் டைவ் செய்து அதே சுரங்கத்தில் போகலாமா, அம்மா மேலே படகில், நான் கீழே? அப்புறம், உபகரணங்கள் எதையாவது இங்கேயே வாங்கிக்கொண்டு வரட்டுமா?


கொட்டாம்பட்டி செல்வம் எழுதியது:

தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் இந்த முறை வேண்டாம். சுரங்கத்தில் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். டைவ் செய்பவர்கள் தரையை ஒட்டி, ஒரு பக்கச் சுவரைப் பிடித்தாற்போல, கையில் டார்ச்சோடு போக வேண்டும். காது அடைத்தாலோ பதற்றம் வந்தாலோ நேராக மேலே வர முடியாது, தலைக்கு மேல் படகின் மோட்டார். தரையும் வெளியே போகப் போக 25 மீட்டரைத் தாண்டிச் சரிகிறது. தண்ணீரில் தன் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களுக்கான டைவ் அது. அட்வான்ஸ்டு முடித்து, அதன்பின் நாலைந்து டைவில் ஒரே மட்டத்தில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பயிற்சியாளர் சரி என்றால் போகலாம். இப்போதைக்கு அம்மாவோடு நீங்களும் படகில் ஏறிக்கொள்ளுங்கள். இருட்டு கொஞ்ச தூரம்தான், மறுமுனை வெளிச்சம் முன்னாலேயே தெரியும் என்று சொல்லுங்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு.

உபகரணத்தில் மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து. மூக்கால் லேசாக உறிஞ்சினால் கையை எடுத்த பின்னும் முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். மீதி எல்லாம் இங்கே வாடகைக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டர் வாடகைக்கு எடுத்தால் முதல் நாளே யூனிட் மீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள், சிலர் அடிக் கணக்கில் வைத்திருப்பார்கள்.

அக்டோபரில் சொறி (ஜெல்லி மீன்) வரும் நாள் உண்டு, ஊதா நிறத்தில் சின்னதாக இருக்கும், பட்டால் நன்றாக எரியும். முழுக்கை வெட்சூட் அதற்கும் உதவும். ஆபத்து என்றால், டைவ் செய்து பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மாட்டர் டேய் மருத்துவமனையில் இருக்கிறது. உங்கள் அக்காவுக்கு எப்படியும் தெரிந்திருக்கும், நீங்கள் எந்த சென்டரோடு எந்தக் கரையில் இறங்குகிறீர்கள் என்று தினமும் காலையில் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கார் ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மதுரையிலேயே எடுத்து வாருங்கள். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவது, பழகச் சிரமம் இல்லை. ஓப்பன் வாட்டர் அட்டையும் லாக்புக்கும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். வந்து இறங்கியதும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், அந்த வாரக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.